குடியேற்ற விசாவோடு கோவையிலிருந்து அபுதாபி வழியாக அமெரிக்கா: யார், எங்கே, என்ன பார்ப்பார்கள்?

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (மலைக் கிராமம்) ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவர் அமெரிக்கக் குடிமகன், சிகாகோவில் வேலை. மும்பையில் நேர்காணல் முடிந்து குடியேற்ற விசா கைக்கு வந்துவிட்டது. கோவை, அபுதாபி, சிகாகோ என்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார்கள்; அபுதாபியில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி. "அமெரிக்க இமிக்ரேஷனை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள் என்கிறார்களே, டூரிஸ்டாகப் போகிறவர்களுக்கு மட்டுமா, முதல் முறை குடியேறப் போகிற எனக்குமா? அங்கே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்" என்பது கேள்வி. கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைய இன்னும் பத்து நாள் இருக்கும்போது கிளம்புகிறேன் என்று கடைசியில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். அவர் கேட்காமல் விட்ட விஷயம் அந்த வரியில்தான் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

முதலில் நேர் பதில். ஆமாம் தங்கச்சி, உங்களுக்கும் அபுதாபியிலேயேதான். டூரிஸ்ட், மாணவர், எச்1பி வேலை விசாக்காரர், புதிதாகக் குடியேறுபவர், அமெரிக்கக் குடிமக்கள் என்று அந்த விமானத்தில் ஏறுகிற எல்லோரும் அபுதாபியில் அமெரிக்க அதிகாரிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்கள் விசா மேல் முத்திரை விழுவதும், நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவராக ஏற்கப்படுவதும் அங்கேதான். சிகாகோவில் இறங்கும்போது டெல்லியிலிருந்து கோவைக்கு வந்தவர் மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே போய்விடலாம்.

இதற்கு பிரீகிளியரன்ஸ் என்று பெயர். 1952-இல் டொராண்டோவில் தொடங்கிய ஏற்பாடு. இன்று கனடாவின் பெரிய விமான நிலையங்கள், அயர்லாந்தில் டப்ளினும் ஷானனும், பெர்முடா, பஹாமாஸ், அரூபா ஆகிய இடங்களில் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்குப் பயன்படுவது அபுதாபிதான். அங்கே 2014 ஜனவரியில் திறந்தார்கள். கோவையிலிருந்து அபுதாபிக்கு நேரடி விமானம் 2024-இல் வந்த பிறகு நீலகிரிக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். டொராண்டோ வழியாகப் போனாலும் இதே வசதி உண்டே என்று சிலர் கேட்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடாவின் டிரான்சிட் விசா தனியாக எடுக்க வேண்டும். கிரீன் கார்டு கைக்கு வராத புது ஆளுக்கு அது வீண் அலைச்சல்.

இனி வரிசையாக, கோவையிலிருந்தே வருகிறேன். பீளமேட்டில் இருக்கிற கோவை விமான நிலையத்தில் உங்களை நிறுத்தக்கூடிய இடம் இரண்டு. முதலாவது ஏர்லைன்ஸ் கவுண்டர். சரியான விசா இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் அபராதம் விழுவது விமான நிறுவனத்துக்கு. அதனால் அவர்கள் அதிகாரிகளைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். குடியேற்ற விசாவை அந்தக் கவுண்டரில் இருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பதில்லை. "ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?" என்று கேட்கலாம். பதற வேண்டாம். "இது இமிக்ரன்ட் விசா, ரிட்டர்ன் தேவையில்லை" என்று விசாப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். புரியவில்லை என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல் அங்கேயே நின்றாலே போதும்.

இரண்டாவது, நம் நாட்டு இமிக்ரேஷன். மத்திய உள்துறையின் கீழ் இருக்கிற குடியேற்றப் பணியகத்து அதிகாரிகள் இங்கே உட்கார்ந்திருப்பார்கள். வெளியே போகிற இந்தியர்கள் நிரப்பி வந்த அட்டையை 2017 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் போதும். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், கணவரோடு சேரக் குடியேற்ற விசாவில் போகிறேன் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். கல்யாணச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், இதைப் படிக்கிற எஸ்டேட் பக்கத்து ஆட்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவது தேறாதவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று அச்சிட்டிருக்கும். குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், குவைத், மலேசியா என்று ஒரு பட்டியல் இருக்கிறது, மொத்தம் 18 நாடுகள். அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த அனுமதி தேவை. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அமீரகம் பட்டியலில் இருக்கிறதே, அபுதாபி வழியாகப் போனால் மறிப்பார்களோ என்று குன்னூரில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். மகன் குடியேற்ற விசா எடுத்துக் கொடுத்திருந்தார். மறிக்க மாட்டார்கள். போகுமிடம் அமெரிக்கா, அபுதாபி வெறும் மாறுமிடம். அங்கே யாரும் வேலைக்குச் சேரப் போவதில்லை. போர்டிங் பாஸ் இரண்டையும் கோவையிலேயே வாங்கி ஒன்றாகக் காட்டினால் பேச்சே எழாது. தாய்தகப்பனைக் கூப்பிட்டுக்கொள்கிற பிள்ளைகள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 50 வயது தாண்டியவர்கள் இசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டுக்குத் தகுதியானவர்கள். புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அபுதாபிக்கு வருவோம். இங்கேதான் டிக்கெட் எடுத்த விதம் முக்கியமாகிறது. கோவையிலிருந்து சிகாகோ வரை ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். மலிவாக இருக்கிறது என்று கோவை–அபுதாபி ஒரு டிக்கெட், அபுதாபி–சிகாகோ வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், பெட்டி அபுதாபியோடு நின்றுவிடும். அதை எடுக்க வெளியே போக வேண்டும். வெளியே போக அமீரக விசா வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, ஒரே பெயர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் நுழைபவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வம்பே வேண்டாம். ஒரே டிக்கெட், பெட்டிக்கு சிகாகோ வரை டேக். கவுண்டரில் ஒட்டுகிற டேக்கில் சிகாகோவின் ஓஆர்டி என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அபுதாபியில் இறங்கியதும் அமெரிக்க விமானங்களுக்கான பலகையைப் பார்த்துப் போங்கள். மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கும். அமெரிக்க அளவுகோல் என்பதால் பெல்ட், லேப்டாப் எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லலாம். கோவையில் சோதனை முடிந்து வாங்கிய தண்ணீர் பாட்டில் இங்கே போய்விடும். அதற்கப்புறம்தான் கருநீலச் சீருடையில் அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற மேஜைகள்.

முதல் மேஜையில் உங்கள் விசாவைப் பார்த்ததுமே பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்களும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். "தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள்" என்று கேட்டதும் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். சந்தேகப்பட்டு அனுப்புவதில்லை. குடியேற்ற விசாக்காரர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது, வரிசையை மறிக்காமல் அதை உள்ளே உட்கார்ந்து செய்கிறார்கள், அவ்வளவுதான். பத்து விரல் ரேகை, புகைப்படம், சிகாகோ முகவரி சரிதானா என்ற கேள்வி, கணவர் என்ன வேலை செய்கிறார், எப்போது கல்யாணம் ஆயிற்று என்று இரண்டு மூன்று கேள்விகள். தூதரகத்தில் சொன்னதையே அப்படியே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

சீல் வைத்த கவரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கவரே கொடுப்பதில்லை. ஆவணங்கள் எல்லாம் கணினியில் போய்விடுகின்றன. உங்கள் விசாவில் சிறிய எழுத்தில் "ஐவி டாக்ஸ் இன் சிசிடி" என்று இருந்தால் உங்களுக்குக் கவர் கிடையாது, யாரையும் போய்க் கேட்க வேண்டாம். கவர் கொடுத்திருந்தால் அதைப் பிரிக்கக் கூடாது, பெட்டிக்குள் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். கவரைப் பெட்டியில் வைத்துவிட்டு அபுதாபியில் நின்றால், அந்தப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும், நீங்கள் மேஜை முன்னால் நிற்பீர்கள்.

பெட்டியைப் பற்றியும் ஒன்று. அது கோவை விமானத்திலிருந்து இறங்கி, படம் எடுக்கப்பட்டு, அதிகாரியின் திரைக்கு வந்து சேர வேண்டும். "இது உங்கள் பெட்டிதானா, உள்ளே என்ன?" என்று படத்தைக் காட்டிக் கேட்பார். பெட்டி வந்து சேரத் தாமதமானால் உங்களையும் காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே, இரண்டு மணி நேரச் சொச்சம் என்கிற உங்கள் டிக்கெட்டை நான் எடுக்கவே மாட்டேன். டூரிஸ்டுக்கே அது இறுக்கம். பாதுகாப்புச் சோதனை, முதல் மேஜை, உள் அறை, அங்கே உங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தால் அவர்கள் முடிகிற வரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விமான நிறுவனத்தின் கணினி "போதும்" என்றுதான் காட்டும்; குடியேற்ற விசாவில் வருகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. குறைந்தது நாலு மணி நேரம் இருக்கிற இணைப்பாகப் பாருங்கள். ஆறு மணி நேரம் ஆனாலும் எனக்குச் சம்மதம். ஒரே டிக்கெட்டாக இருந்தால், விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் அந்த அடுத்தது மறுநாளாகத்தான் இருக்கும்.

திருப்பி அனுப்பிவிட்டால்? தூதரகம் முழுதாக விசாரித்துக் கொடுத்த குடியேற்ற விசாவை எல்லையில் மறுப்பது அபூர்வம். விசா வாங்கிய பிறகு நிலைமை மாறியிருந்தால்தான் சிக்கல். "திருமணமாகாத மகள்" என்ற பிரிவில் விசா வாங்கிவிட்டு, கிளம்புவதற்கு முன் ஊரில் ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டவர்கள், குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் போகும் முன்னால் தனியாகப் போன மனைவி, மக்கள், விசாத் தேதி முடிந்தவர்கள் என்று அப்படிப்பட்டவர்களுக்கு. மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து பெரும்பாலும் ஆறு மாதம்தான் விசா செல்லும், அந்தத் தேதியைப் பாருங்கள். அபுதாபியில் அந்த அதிகாரிகளால் செய்யக்கூடியது "நீங்கள் விமானத்தில் ஏற முடியாது" என்று சொல்வது. அது அமெரிக்க மண் இல்லை. கைது, காவல் எல்லாம் உள்ளூர்ப் போலீஸ் கையில். அமெரிக்காவில் இறங்கிய பிறகு சிக்கல் வந்தால் குடியேற்ற நீதிபதி முன்னால் வாதாட வழி உண்டு; அபுதாபியில் அது கிடையாது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால், கோப்பில் ஏதோ உறுத்தல் இருக்கிறது என்று வக்கீல் சொல்லியிருந்தால் பிரீகிளியரன்ஸ் இல்லாத வழியாகப் போவதா என்று அவரையே கேளுங்கள். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இப்போது அந்தப் பத்து நாள் விஷயம். கணவன் மனைவி உறவில் போகிறவர்களுக்கு இரண்டு விதமாக நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கொடுக்கிறார்கள். அனுமதிக்கப்படுகிற நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையவில்லை என்றால் சிஆர்1. இரண்டு வருஷத்துக்கு மட்டுமே செல்லுகிற கார்டு வரும். நிறைந்திருந்தால் ஐஆர்1, பத்து வருஷக் கார்டு. சிஆர்1-இல் போனால், கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து, கார்டை நிரந்தரமாக்கச் சொல்லி ஐ-751 என்ற படிவம் போட வேண்டும். இப்போதைய கட்டணம் 750 டாலர். சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் மறுபடி திரட்ட வேண்டும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்பு. கணக்கில் எடுப்பது விசா அச்சான நாளை இல்லை, எல்லையில் உங்களை ஏற்றுக்கொள்கிற நாளை. நீங்கள் பத்து நாள் முன்னதாகப் போய் இந்தச் சுமையை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? விசாத் தேதி இடம் கொடுத்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஆண்டு நிறைவு நாளன்றே வேண்டாம், அதிலிருந்து மூன்று நாலு நாள் தள்ளியே எடுங்கள். தேதிக் கணக்கில் யாரும் வாதம் செய்ய இடம் இருக்காது. மாப்பிள்ளைக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும் தெரியும். ஐ-751 பற்றி அவரையே படிக்கச் சொல்லுங்கள், மறுபேச்சு பேச மாட்டார்.

அப்படித் தள்ளிப் போனாலும் உங்கள் விசாவில் சிஆர்1 என்றுதான் அச்சாகியிருக்கும். அபுதாபி உள் அறையில் அதிகாரி முத்திரை குத்துவதற்கு முன்னால், "எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, ஐஆர்1 ஆகப் போட வேண்டும்" என்று சொல்லிக் கல்யாணச் சான்றிதழை நீட்டுங்கள். அவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டும். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்ததும் நாற்காலியை விட்டு எழும் முன் முத்திரையைப் பாருங்கள். ஐஆர்1 என்று எழுதியிருக்கிறதா, தேதி சரியா? அங்கேயே திருத்தினால் ஒரு நிமிட வேலை. சிகாகோ போய்த் திருத்த எத்தனை கடிதம், எத்தனை காத்திருப்பு.

அந்த முத்திரை விழுந்த விசாப் பக்கம் ஒரு வருஷத்துக்குத் தற்காலிக கிரீன் கார்டாகச் செல்லும். அதை வைத்து வேலைக்குச் சேரலாம், ஊருக்கும் வந்து போகலாம். பிளாஸ்டிக் கார்டு தபாலில் வரும், அதற்கான 235 டாலர் கட்டணத்தை இன்னும் கட்டவில்லை என்றால் கிளம்பும் முன்பே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். ஒற்றைப் பெயர் என்பதால் உங்கள் விசாவில் பெயர் சர்நேம் இடத்தில் ஏறி, மற்ற இடத்தில் எஃப்என்யூ என்று இருக்கும். பெயர் தெரியவில்லை என்பதற்கு அவர்கள் போடும் சுருக்கம் அது. டிக்கெட்டில் எப்படிப் போட வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை மெயிலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கட்டிக் கொடுக்கப் போகிற சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்கச் சுங்கச் சோதனையும் அபுதாபியிலேயே முடிகிறது. நம் தேயிலைத் தூள், ஊட்டி வர்க்கி, வறுத்து அரைத்த மசாலாப் பொடி எல்லாம் தாராளமாகக் கொண்டு போகலாம். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்குகிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று தடுத்திருக்கிறார்கள். தோட்டத்து பிளம்ஸ், பேரிக்காய், விதை, நாற்று, கறி எதுவும் வேண்டாம். என்ன உணவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட பொருளை அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். மறைத்த பொருளுக்குத்தான் அபராதம். கையில் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், கொண்டு போவதில் தடை இல்லை.

மலையிறங்குவது தனி விஷயம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து பீளமேடு. வெயில் காலத்தில் கோத்தகிரி ரோட்டைக் கீழே இறங்குகிற வண்டிகளுக்கு ஒருவழியாக விட்டுவிடுவார்கள், அது உங்களுக்கு வசதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த வளைவில் மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் பயணம் என்றால் முந்தின நாளே இறங்கி விமான நிலையத்துக்கு அருகே சித்ரா பக்கம் யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். வழியனுப்ப வெளியூரிலிருந்து வண்டியில் மலை ஏறி வருகிற சொந்தக்காரர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். டிஎன் 43 என்ற நம் நீலகிரிப் பதிவெண் வண்டிகளுக்கு அது தேவையில்லை.

கடைசியாக மாப்பிள்ளைக்கு ஒரு தகவல். சிகாகோவில் வழக்கம் போல வெளிநாட்டுப் பயணிகள் வெளியே வருகிற வாசலில் போய் அவர் நிற்கக் கூடாது. அபுதாபியில் சோதனை முடிந்த விமானம் உள்நாட்டு விமானமாகக் கணக்காகிறது. எந்த டெர்மினல், எந்த பெல்ட் என்று அன்றைக்குக் காலையில் விமான நிலையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். நீங்கள் இறங்கிய பத்து இருபது நிமிடத்தில் பெட்டியோடு வெளியே நிற்பீர்கள், அவர் அதற்குள் வந்திருக்க வேண்டும்.